இடது தோள் தாழ்ந்த சட்டை

மூய் கெங் மீன் வாங்கினால் வீட்டுக்கு வந்து தன் தராசில் இன்னொரு தடவை நிறுப்பாள். சோயா சாறு வாங்கினால் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கோயிலில் குச்சி குலுக்கிக் குறி சொல்கிற கிழவர் நல்ல வாக்குச் சொன்னால்கூட, இந்த ஆளுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். கேம்பல் தெருவில் அவளுக்கு 'ரெண்டாந் தடவை எண்ணுறவ' என்று பட்டப்பெயரே உண்டு. அவள் காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். சந்தேகப்பட்டதால்தான் அவள் பினாங்கில் உயிரோடும் மானத்தோடும் இருந்தாள்.

பத்தொன்பது வயதில் கேண்டன் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது, பணக்கார வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை என்றுதான் அவளைக் கூட்டி வந்தார்கள். கூட வந்த இன்னொரு பெண் சொன்னதையெல்லாம் நம்பினாள். பிள்ளை பார்க்கப் போகிறவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு, பட்டுச் சட்டை எதற்கு என்று மூய் கெங் மட்டும் வழியெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள். கரையில் இறங்கிய கையோடு கூட்டத்துக்குள் புகுந்து ஓடி, கண்ணில் பட்ட ஒரு தையல் கடைக்குள் நுழைந்து, வெட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். மேஜைமேல் துணி வெட்டிக்கொண்டிருந்தவன் பெயர் லாவ் சூன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கொஞ்சம் கீழே இழுத்து, அவளை மறைக்கிற மாதிரி தொங்கவிட்டான். தேடி வந்தவர்கள் கடையைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போனார்கள். நம்பி வந்த அந்த இன்னொரு பெண்ணை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

காப்பாற்றியவனையும் அவள் சோதிக்காமல் விடவில்லை. ஒரு சட்டைக்கு வேண்டியதைவிட முக்கால் கெஜம் கூடுதலாகத் துணி கொடுத்து, அளவு தெரியாதவள்போல் முழித்தாள். துணி திருடாத தையல்காரன் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் ஊரில் பேச்சு. லாவ் சூன் சட்டையைக் கொடுத்தான், மிச்சத் துணியைக் கொடுத்தான், விரலகலத் துணுக்குகளைக்கூட ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தான். அவள் துணுக்குகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள். நூலளவும் குறையவில்லை. அடுத்த மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. உலகத்தில் அவள் இரண்டாம் தடவை எண்ணாமல் விட்டது அவன் ஒருத்தனைத்தான்.

அந்த லாவ் சூன் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி, சுமத்ராவில் இருக்கிற டெலிக்குப் போனான். புகையிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களுக்குத் தைத்துக் கொடுக்கத் தனிக் கடை போடுகிறேன், கடை நிலைத்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். அப்போது அவளுக்கு ஆறு மாதம். குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அவளும் காய்ச்சலில் கிடந்து, பிழைப்பாளோ மாட்டாளோ என்றிருந்து எழுந்தாள். அதிலிருந்து டெலிக் கடிதங்கள் தவறாமல் வந்தன, கூடவே கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும். ஆள்தான் வரவில்லை. அடுத்த புத்தாண்டுக்கு வருகிறேன், அடுத்த புத்தாண்டுக்கு வருகிறேன் என்று மூன்று புத்தாண்டு போனது. அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, புருஷன் வேலை பார்த்த அதே கோக் தாய் கடைக்கு வெட்டுத் துண்டுகளைத் தைத்துக் கொடுத்து வந்தாள்.

அது விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆன கொண்டாட்டத்து ஜூன் மாதம். ஊரில் ஒரு வெள்ளைக்காரன் பாக்கியில்லாமல் புது உடுப்பு கேட்டான். தையல் கடைகளில் கத்தரிக்கோல் கீழே வைக்க நேரமில்லை. ஒரு காலையில் கோக் தாய் கடையின் புது வெட்டுக்காரன் ஆ பௌ, ஈப்போவிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகாதவன், ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவள் வாசலில் போட்டுவிட்டு ஓடினான். வெள்ளைக் கால்சட்டைத் துண்டுகளுக்கு நடுவே கருநீலப் பட்டில் ஒரு சீனச் சட்டைக்கான துண்டுகள் இருந்தன. எடுத்து விரித்தாள். விரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் தாழ்த்தி வெட்டியிருந்தது. வலது கை ஒன்றேகால் அங்குலம் கட்டை. ஒரு பக்கமாகவே சாய்ந்து வெட்டி வெட்டித் தோள் இறங்கியவன், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து சரியாகக் கூடாதவன். பதினாறு வருஷம் அவள் அந்த உடம்புக்குத்தான் சட்டை தைத்தாள்.

பக்கத்து அறை நாலாம் அக்கா எட்டிப் பார்த்தாள். அவளும் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறவள்தான்.

"என்னடி, துணியைப் பார்த்து முழிக்கிறே? அதுல எழுத்து கிழுத்து இருக்கா?"

"இருக்கு. என் வீட்டுக்காரர் பேரு இருக்கு."

"எங்கே?"

"தோள்ல."

நாலாம் அக்கா துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோணத் தோளு உன் புருஷனுக்கு மட்டுந்தானா? இந்தத் தெருவுல நேராத் தோளு உள்ளவன் எவன் இருக்கான்?"

"கையுமா கட்டையா இருக்கும்? டெலியில இருக்கிற ஆளுக்குப் பினாங்குல எதுக்குக்கா சட்டை வெட்டுறாங்க? அதுவும் பட்டுல?"

"அப்ப ஆளு இங்கே இருக்கான்னு சொல்றியா?"

மூய் கெங் துண்டுகளை மறுபடியும் புரட்டினாள். துண்டுகளில் பைக்கு அடையாளமே போடவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பையில்லாத சட்டை. காசைச் சுமக்க ஒருத்தி பக்கத்திலேயே இருக்கும்போது இவனுக்குப் பை எதற்கு என்று நினைத்தாள். நீளமும் அவன் எப்போதும் போடுகிறதைவிட ஒரு சாண் அதிகம். கூலிக்கு வெட்டினவன் இப்போது பெரிய மனுஷனாகி நீளச் சட்டை போடுகிறானாக்கும்.

துண்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். ஆ பௌ துணியில் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்த நீலப் பட்டு யாருக்கு? பொத்தானுக்கு அளவு கேக்கணும்."

"எனக்கென்ன தெரியும்க்கா? தவுக்கே தன் கையால வெட்டி மேஜையில வெச்சிருந்தாரு. உங்க மூட்டையோட சேர்த்துக் கட்டிட்டேன்."

தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற முதலாளி கோக் தாய் ஒரு வெள்ளைக்காரத் துரையின் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'நீலப் பட்டு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாடா கை நழுவித் தரையில் விழுந்தது. துரையை அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்தார்.

"அது உனக்கு வந்ததில்ல தங்கச்சி. கொண்டாந்து குடுத்துடு."

"பாதி தச்சிட்டேனே தவுக்கே." சும்மாதான் சொன்னாள்.

"பாதி தச்சதைக் கொண்டா. பரவாயில்ல."

"யாருக்கு?"

"வெளியூர் ஆளு. உனக்குத் தெரியாது."

"தோளு எனக்குத் தெரிஞ்ச தோளா இருக்கே."

கோக் தாய் உள்ளே போய் ஒரு டின் பிஸ்கட்டை எடுத்து வந்து அவள் கையில் திணித்தார். "இளைச்சுப் போயிருக்கே. சாப்பிடு." மூய் கெங்குக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் உறுதியானது. மிஞ்சிய நூலைக்கூடத் திருப்பி வாங்கிக்கொள்கிற மனுஷன் பிஸ்கட் கொடுக்கிறார் என்றால், ஒன்று அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை அவர் பெரிதாக ஒன்றை மறைக்க வேண்டும். பைத்தியம் பிடித்த மாதிரி தெரியவில்லை.

அங்கிருந்து நேரே கடிதம் எழுதுகிற யீப் வாத்தியாரிடம் போனாள். அவர் சூலியா தெருக் கடை ஒன்றின் முன்நடையில் மேஜை போட்டிருப்பவர். அவளுக்கு எழுத்து வராது. டெலியிலிருந்து வருகிற கடிதங்களை அவர்தான் படித்துச் சொல்வார், பதிலும் எழுதுவார். கடைசியாக வந்த மூன்று கடிதங்களை அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு தடவை படிங்க வாத்தியாரே."

"போன வாரந்தானே படிச்சேன்?"

"மறந்து போச்சு."

அவர் படித்தார். உடம்பு நலம், கடை நலம், மழை அதிகம். அவர் படிக்கையில் அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த வெற்றுக் காகிதக் கட்டைப் பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட காகிதம். கட்டின் மேல் மூலையில் ஏதோ பூச்சி அரித்து, மிளகளவு ஓட்டை ஒன்று அடிவரை இறங்கியிருந்தது. கையிலிருந்த மூன்று கடிதத்திலும் அதே மூலையில் அதே மிளகளவு ஓட்டை.

"வாத்தியாரே, டெலியில இருக்கிற பூச்சியும் இங்க இருக்கிற பூச்சியும் அண்ணன் தம்பியா?"

யீப் வாத்தியார் அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையை எடுக்கப் போய்த் தட்டிவிட்டார். காகிதமெல்லாம் நனைந்தது.

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாதும்மா. தவுக்கேகிட்டப் போய்க் கேளு."

"எத்தனை நாளா நீங்களே எழுதி நீங்களே படிக்கிறீங்க?"

"தவுக்கேகிட்டக் கேளும்மா," என்றார் அவர் மறுபடியும், நனைந்த காகிதத்தைத் துடைத்துக்கொண்டே.

இனி என்ன இருக்கிறது? புருஷன் இந்த ஊரில்தான் இருக்கிறான். முதலாளிக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மடச்சி இவள் ஒருத்திதான். வருகிற வழியில் இரண்டு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று மூய் கெங் அவர்களை முறைத்தாள்.

"எவளாம்?" என்றாள் நாலாம் அக்கா, கதை கேட்கிற ஆவலில்.

"தெரியலை. கண்டுபிடிக்கிறேன்."

"கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி அந்தச் சட்டையைத் தச்சு முடி. ஒவ்வொரு நூல் முனையிலயும் ரெட்டை முடிச்சுப் போடு. போடும்போது அவன் பேரைச் சொல்லு. எங்க ஊருல ஓடிப்போற புருஷனை இப்படித்தான் கட்டிப்போடுவாங்க. என் சின்னம்மா கட்டிப்போட்டா."

"நின்னானா?"

"சாகிற வரைக்கும் நின்னான். வைஞ்சுக்கிட்டே நின்னான்."

மூய் கெங் இரண்டு நாள் வேறு வேலை தொடவில்லை. ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லி, கூடவே வாயில் வந்த வசவையெல்லாம் சொல்லி, நூல் முடிகிற இடமெல்லாம் இரட்டை முடிச்சுப் போட்டு நறுக்கினாள். அழவில்லை. ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டாள்: துணுக்கைக்கூடத் திருடாதவன் என்று நம்பியிருந்தேனே, மூன்று வருஷத்தைத் திருடிவிட்டானே.

மூன்றாம் நாள் காலை, தைத்த சட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு கடைக்கு எதிர்ச்சாரியில் போய் நின்றாள். கோக் தாய் எங்கே போனாலும் பின்னால் போவது என்று முடிவு. வெயில் ஏறியதும் அவர் வெளியே வந்தார். செருப்புக் கடையில் ஆண்பிள்ளைக்கான துணிக் காலணி ஒரு ஜோடி வாங்கினார். போட்டுப் பார்க்கவில்லை, தன் காலுக்கு வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதை மடியில் மறைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்து, லவ் லேனில் ஒரு பச்சைக் கதவைத் தட்டினார். ஒரு பெண் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொண்டை ஒரு மயிர் கலையாமல் இருந்தது. காலணியை வாங்கி உள்ளங்கையில் வைத்து, "அவருக்குச் சரியா இருக்கும்," என்றாள்.

அவருக்குச் சரியாக இருக்கும். அவருடைய கால் அளவு இவளுக்குத் தெரியும்! மூய் கெங் தெருவைக் கடந்ததும் தெரியவில்லை, கதவைத் தள்ளியதும் தெரியவில்லை.

"எங்கே அவன்?"

கோக் தாய் பேயறைந்த மாதிரி நின்றார். "தங்கச்சி, நீ எப்படி இங்கே..."

"நீ வாயைத் திறக்காதே தவுக்கே! உன்னை அண்ணன்னு நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். ஏய், நீ சொல்லுடி. மாடியிலயா படுத்திருக்கான்?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. அதுவே மூய் கெங்குக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தடதடவென்று மாடியேறினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். "வெளியே வாடா லாவ் சூன்! பொண்டாட்டி வந்திருக்கேன், பாரு!" என்று திரைச்சீலையை இழுத்தாள். யாருமில்லை. ஒற்றைத் தலையணைதான் இருந்தது. இறங்கி வந்து பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே ஜன்னலோரம் நீள மேஜை. மேஜைமேல் சட்டைகள் விரித்து வைத்திருந்தன.

வெள்ளையில் இரண்டு, பழுப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று. ஒன்றுக்குள் ஒன்றாகக் கைவிட்டு, ஒருவனுக்கு ஒரே சமயத்தில் போட்டுவிடுவதற்குத் தயாராக அடுக்கியிருந்தது. எல்லாவற்றிலும் இடது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. எல்லாவற்றிலும் வலது கை கட்டை. ஒன்றிலும் பையில்லை.

மூய் கெங் எண்ணினாள். நான்கு. கூடையில் இருப்பதோடு ஐந்து. இன்னொரு தடவை எண்ணினாள். பினாங்கு வெயிலில் உயிரோடிருக்கிற எவனும் ஐந்து சட்டை போடமாட்டான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "எப்போ?" என்றாள்.

கோக் தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். லாவ் சூன் டெலிக்குப் போன நாலாம் மாதமே ஆற்று முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. உடம்பு கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்று அவள் குழந்தையைப் புதைத்து மூன்றாம் நாள்.

"நீ ஜுரத்துல பேத்திக்கிட்டு இருந்தே. சொன்னா அன்னிக்கே நீயும் போயிருப்பே. கொஞ்சம் தேறட்டும்னு ஒரு கடிதாசி எழுதச் சொன்னேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் நிறுத்த வழி தெரியலை." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமாக் கனவுல வரான். நனைஞ்சு நிக்கிறான். சட்டையில்லாம நிக்கிறான். உடம்பில்லாட்டி என்ன, உடுப்பையாவது பெட்டியில வெச்சு மண்ணுல போட்டுடுவோம்னு நம்ம தையல்காரங்க சங்கத்துல சொன்னாங்க. எல்லாச் சட்டையும் நானே வெட்டினேன். கடைசியா வெட்டின நீலம் உன்கிட்ட வந்து சேரும்னு நினைக்கலை."

பச்சைக் கதவு வீட்டுப் பெண்ணின் பெயர் லோக் அம்மாள். பையில்லாத சாவு உடுப்புத் தைப்பதுதான் அவள் தொழில். அவள் கூடையிலிருந்த சட்டையை எடுத்து, தையலோரமாகக் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் ஒரு முடிச்சில் நின்றது, அடுத்த முடிச்சில் நின்றது.

"முடிச்சுப் போட்டிருக்கியேம்மா," என்றாள் மெதுவாக. "இதுக்கு நூல் முனையை முடிச்சுப் போடாமத்தான் விடணும். முடிச்சு இருந்தா, போற வழியில கட்டுண்டு நின்னுடுவாங்க. நான் பிரிச்சுத் தரேன், குடு."

"தொடாதே," என்றாள் மூய் கெங்.

அவளே உட்கார்ந்தாள். ஊசி முனையால் ஒவ்வொரு முடிச்சாகக் குத்திக் குத்தி நெகிழ்த்தினாள். எல்லாம் இரட்டை முடிச்சு, கோபத்தில் இறுக்கியவை, லேசில் விடவில்லை. அவற்றோடு சேர்த்துச் சொன்ன வசவுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகத்துக்கு வந்தன. விரல் நுனியில் ரத்தம் வந்தது. பட்டில் படாமல் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். லோக் அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. கடைசி முடிச்சு அவிழ்ந்தபோதுதான் அவள் தலையைக் குனிந்து, நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள். எவளோடாவது இருந்திருக்கக் கூடாதா என்று அழுதாள். லோக் அம்மாளுக்குப் புரிந்தது. கோக் தாய்க்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் காலை கடற்கரைச் சேற்றோரம் எல்லாரும் கூடினார்கள். சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர், கோக் தாய், ஆ பௌ, நாலாம் அக்கா. யீப் வாத்தியார் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதி, எங்கும் அனுப்பாமல் வைத்திருந்த பதில் கடிதங்கள். எரிப்பதற்காகக் கொண்டுவந்திருந்தார். அவளை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

பூசாரி மணியடித்து முடித்ததும் லோக் அம்மாள் நீலச் சட்டையை அவள் கையில் கொடுத்தாள். "கழுத்துப் பட்டியைப் பிடிச்சுத் தூக்கு. கடலைப் பார்த்து மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடு. பொண்டாட்டி கூப்பிட்டாத்தான் வழி தெரியும். வந்து சட்டையில ஏறிக்குவாரு."

மூய் கெங் சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். காற்றில் கைகள் இரண்டும் ஆடின, ஒன்று நீளம், ஒன்று கட்டை. எல்லாரும் காத்திருந்தார்கள். சங்கத்துக்காரர் ஒருத்தர் செருமினார்.

"லாவ் சூன்," என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் கேட்டது. மூன்றாம் தடவை, தெருக்கோடி வரை கேட்கிற தன் சொந்தக் குரலில் கத்தினாள்.

"லாவ் சூன்! எவ வீட்டுல இருந்தாலும் சரி, எந்திரிச்சு வா! நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்!"